ராஸ்பெர்ரி பை வாங்கப் போகிறவர்கள் பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்பதைக் கைபேசியில் பார்க்க வேண்டும். பத்து வருடக் குடும்பப் படங்களையெல்லாம் வீட்டிலேயே ஒரு கணினியில் சேர்த்து வைக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்காக 2025 டிசம்பரில் ராஸ்பெர்ரி பை 5 (கையளவு போர்டிலேயே அமைந்த ஒரு குட்டிக் கணினி) வாங்கக் கிளம்பினேன். 8 ஜிபி போர்டு, பெட்டி, அடாப்டர், மெமரி கார்டு எல்லாம் சேர்ந்த ஒரு கிட். வந்த அடாப்டர் போதவில்லை, கார்டு ஒரே மாதத்தில் போனது, வெளியே மாட்டிய ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு அடிக்கடி அறுந்து அறுந்து போனது. மூன்று மாத அலைச்சலுக்குப் பிறகு இன்று அந்த இரண்டு வேலையையும் வேறு இரண்டு பொருள்கள் செய்துகொண்டிருக்கின்றன. இரண்டும் சேர்ந்து அந்த கிட்டைவிடக் குறைந்த விலை. பை 5 அக்கா மகனிடம் போய்விட்டது.

சென்னையில் இருந்துகொண்டு நான் பட்டதை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். மற்ற ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

தொடங்கும் முன் ஒரே ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போதைய விலை ஏற்றம் மெமரி சிப்பில்தான் (ரேம்; மெமரி கார்டு அல்ல) உட்கார்ந்திருக்கிறது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதால் சிறிய போர்டுகளுக்குப் போடும் மெமரியின் விலையும் எகிறிவிட்டது. ராஸ்பெர்ரி பை நிறுவனம் 2025 டிசம்பர் தொடக்கத்தில் ஒரு முறையும் 2026 பிப்ரவரி தொடக்கத்தில் இன்னொரு முறையும் விலையை ஏற்றியது. பை 5-இல் அது எப்படி விழுந்தது என்று பாருங்கள்:

16 ஜிபி: 120 டாலரிலிருந்து 205 டாலர்
8 ஜிபி: 80 டாலரிலிருந்து 125 டாலர்
4 ஜிபி: 60 டாலரிலிருந்து 85 டாலர்
2 ஜிபி: 50 டாலரிலிருந்து 65 டாலர்
1 ஜிபி: டிசம்பரில் புதிதாக வந்தது, 45 டாலர், பிப்ரவரியில் ஏறவில்லை

எல்லாவற்றிலும் ப்ராசஸர் ஒன்றேதான். மெமரி கூடக் கூட ஏற்றமும் கூடியிருக்கிறது. ஆகவே தேவையில்லாத ஒவ்வொரு ஜிபிக்கும் முன்பைவிட அதிகமாக அழுகிறோம். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்த அநாவசிய ஜிபியை வாங்காமல் தப்பிப்பதற்கான வழிகள்தான்.

1. செய்யப்போகும் வேலையை ஒரு தாளில் எழுதுங்கள்

"பை வாங்கி வைத்தால் எதற்காவது ஆகும்" என்று வாங்கினால் பணம் போகும். விலை 35 டாலராக இருந்த காலத்தில் அப்படி வாங்கலாம். இப்போது முடியாது.

எழுதிய வேலைகளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் வகை, சென்சாரைப் படிப்பது, ரிலேயை (சிறு சிக்னலால் இயங்கும் சுவிட்ச்) தட்டுவது, விளக்கு எரிய வைப்பது. இரண்டாம் வகை, இருபத்துநான்கு மணி நேரமும் ஓடி வீட்டுக்குள் சேவை தருவது: படங்களைச் சேமிப்பது, சினிமா ஓட்டுவது, ஹோம் அசிஸ்டன்ட் (வீட்டுச் சாதனங்களை ஒரே இடத்திலிருந்து இயக்கும் மென்பொருள்), விளம்பரத் தடுப்பு. மூன்றாம் வகை, கேமராவோ திரையோ பின்களோ (சென்சார் ஒயர் மாட்டும் ஊசிகள்) ஒரே இடத்தில் வேண்டும், கூடவே லினக்ஸும் (விண்டோஸ் போல ஓர் இலவச இயங்குதளம்) ஓட வேண்டும் என்பவை. ரோபோ, படம் பார்த்து அடையாளம் காணும் வேலை இந்த வகை.

முதல் வகைக்கு மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே ஒரு சிறு நிரலை ஓட்டும் மலிவான சிப்) போதும். இரண்டாம் வகைக்குப் பழைய மினி பிசி (அலுவலகங்களில் வைக்கும் சிறிய கணினி). மூன்றாம் வகைக்குத்தான் உண்மையிலேயே பை வேண்டும். என்னுடைய தொட்டி முதல் வகை, படங்கள் இரண்டாம் வகை. இரண்டையும் ஒரே போர்டில் திணிக்கப் பார்த்ததுதான் நான் செய்த தவறு.

கல்லூரி மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி வருட புராஜெக்டுக்கு "ராஸ்பெர்ரி பை வேண்டும்" என்று யாராவது சொன்னால், என்ன காரணத்துக்காக என்று பணிவாகக் கேட்டுப் பாருங்கள். வெப்பநிலையை அளந்து இணையத்துக்கு அனுப்பும் புராஜெக்டுக்கு ஈஎஸ்பி32 (வைஃபை உள்ள ஒரு மைக்ரோகன்ட்ரோலர்) போதும் என்று ஆசிரியரே ஒப்புக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். மூன்று பேர் சேர்ந்து பணம் போட்டு 8 ஜிபி போர்டு வாங்குவதைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

2. எவ்வளவு மெமரி தேவை என்று அளந்து பாருங்கள்

கையில் இருக்கும் லேப்டாப்பில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கணினிக்குள் மென்பொருளால் அமைக்கும் இன்னொரு கணினி) போட்டு, அதற்கு 1 ஜிபி மட்டும் ஒதுக்கி, உங்களுக்கு வேண்டிய மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். காசு செலவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

விளம்பரம் தடுக்கும் பை-ஹோல் 512 எம்பியிலேயே ஓடும். ஹோம் அசிஸ்டன்டுக்கு 2 ஜிபியாவது வேண்டும். படங்களில் முகம் பார்த்துத் தேடித்தரும் இம்மிச் போன்றவை நிறையத் தின்னும். அதற்கு மினி பிசிதான் சரி. திரை இணைத்து டெஸ்க்டாப் போலப் பயன்படுத்துவதாக இருந்தால் மட்டும் 4 ஜிபியைப் பற்றி யோசியுங்கள். திரை இல்லாமல் ஓடப்போகிற பை என்றால் ஓஎஸ்ஸில் (இயங்குதளம்) "லைட்" என்ற பதிப்பைப் போடுங்கள். டெஸ்க்டாப்புக்குப் போகும் மெமரி மிச்சம்.

512 எம்பி போதும் என்று தெரிந்தால் பை ஜீரோ 2 டபிள்யூ பாருங்கள். 15 டாலர். பழைய வகை மெமரி என்பதால் இந்த இரண்டு ஏற்றத்திலும் அதன் விலையில் கை வைக்கவில்லை. வைஃபை 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் என்பதையும், திரை இணைக்க மினி எச்டிஎம்ஐ வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். பை 5-க்கு மைக்ரோ எச்டிஎம்ஐ, ஜீரோவுக்கு மினி எச்டிஎம்ஐ. கேபிளை மாற்றி வாங்கிவிட்டு மறுபடி கடைக்கு ஓடுவது சகஜம்.

3. போர்டு விலையைப் பார்க்காதீர்கள், முழுச் செலவைக் கூட்டுங்கள்

2026 பிப்ரவரி விலைக்கு, டாலர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால், 4 ஜிபி பை 5 ஏறக்குறைய 9,000 ரூபாய். இதில் கடைக்காரர் லாபமும் இறக்குமதிச் செலவும் இல்லை. ஆகவே கடையில் இதைவிடக் கூடுதலாகத்தான் இருக்கும். 8 ஜிபி இதே கணக்கில் 13,275 ரூபாய்.

இனி கூடச் சேர்வன. அதிகாரபூர்வ 27 வாட் அடாப்டர் 12 டாலர். விசிறியோடு வரும் ஆக்டிவ் கூலர் 5 டாலர். பெட்டி 10 டாலர். மைக்ரோ எச்டிஎம்ஐ கேபிள் 5 டாலர். 4 ஜிபி போர்டோடு கூட்டினால் 117 டாலர்; அதே கணக்கில் 12,400 ரூபாயைத் தாண்டுகிறது. மெமரி கார்டு தனி. எஸ்எஸ்டி (கார்டைவிட வேகமான சேமிப்பு டிஸ்க்) வேண்டுமென்றால் அதை மாட்ட எம்.2 ஹேட் என்ற துணைப் போர்டு 12 டாலர், எஸ்எஸ்டி விலை தனி. எஸ்எஸ்டிக்கும் இதே மெமரித் தட்டுப்பாட்டுக் காய்ச்சல்தான்.

அடாப்டரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பை 5 கேட்பது 5 வோல்ட், 5 ஆம்பியர். கைபேசி சார்ஜரில் "65 வாட்" என்று போட்டிருந்தாலும் 5 வோல்ட்டில் அது தருவது பெரும்பாலும் 3 ஆம்பியர்தான். மிச்ச வாட்டெல்லாம் 9 வோல்ட், 20 வோல்ட்டில் கிடைப்பவை. 3 ஆம்பியர் அடாப்டர் மாட்டினால் போர்டு எழும், ஆனால் யுஎஸ்பி துளைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து 600 மில்லியாம்பியர்தான் விடும். என் ஹார்டு டிஸ்க்கின் இணைப்பு அறுந்து அறுந்து போனது இதனால்தான். கிட்டில் வந்த அடாப்டரின் அடியில் பொடி எழுத்தில் 3 ஆம்பியர் என்று இருந்ததைப் பல நாள் கழித்துத்தான் பார்த்தேன். விற்றவரைக் கேட்டதற்கு, போர்டு ஓடுகிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்.

கிட் வாங்குவதாக இருந்தால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியாக விலை போட்டுக் கூட்டிப் பாருங்கள். பயன்படாத ஹீட் சிங்க், பெயரில்லாத கார்டு, கார்டு ரீடர் எல்லாம் அதில் விலையைத் தூக்கும்.

மெமரி கார்டில் போலி அதிகம். 64 ஜிபி என்று எழுதியிருக்கும். உள்ளே 8 ஜிபிதான் இருக்கும். வாங்கிய அன்றே எஃப்3 அல்லது எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துச் சோதியுங்கள். இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிவு தெரியும். திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் செய்ய வேண்டிய வேலை இது.

4. பைதான் வேண்டும் என்றால் எங்கே, எந்தப் பில்லோடு

ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் தளத்தில் ஒவ்வொரு போர்டுக்கும் "வாங்க" என்ற பொத்தான் உண்டு. நாட்டைத் தேர்ந்தெடுத்தால் அந்த நாட்டின் அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளர்கள் வருவார்கள். இந்தியாவுக்கும் உண்டு. முதலில் அங்கே விலை பாருங்கள். பெரிய இணைய அங்காடிகளில் அதே போர்டை யார் வேண்டுமானாலும் தன் விருப்பத்துக்கு விலை போட்டு விற்கலாம்.

பில்லில் கடையின் ஜிஎஸ்டி எண்ணும் போர்டின் மாடலும் மெமரி அளவும் தெளிவாக இருக்க வேண்டும். "டெவலப்மென்ட் போர்டு, 1" என்று மட்டும் எழுதிய பில்லை வைத்துக்கொண்டு வாரன்டி கேட்க முடியாது. கூரியர் வந்ததும் பெட்டியைப் பிரிப்பதைக் கைபேசியில் வீடியோ எடுத்து வையுங்கள். பல கடைகள் அந்த வீடியோ இல்லாமல் புகாரையே எடுத்துக்கொள்வதில்லை. வீடியோவில் ஒட்டப்பட்ட முகவரிச் சீட்டும் போர்டும் வெட்டில்லாமல் தெரிய வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து நேராக வரவழைப்பவர்களுக்கு: அலிஎக்ஸ்பிரஸ் 2020 நவம்பரிலிருந்து இந்தியாவில் தடை. மற்ற தளங்களில் வாங்கினால் கூரியர் நிறுவனம் சுங்கத்துக்காக ஆதார் அல்லது பான் போன்ற அடையாளச் சான்று கேட்கும். அதை அனுப்பாமல் விட்டால் பார்சல் சுங்கத்திலேயே கிடக்கும். சுங்கவரியோடு கூரியரின் கையாளும் கட்டணமும் சேர்ந்து வரும். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவும் உங்களுடையது. ஒரு போர்டுக்காக இதைச் செய்ய நான் சொல்ல மாட்டேன்.

5. சென்சாருக்கும் ரிலேக்கும் மைக்ரோகன்ட்ரோலர்

ஈஎஸ்பி32 போர்டு சில நூறு ரூபாய். ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் பிகோ 2 டபிள்யூ 7 டாலர். இரண்டிலும் வைஃபை உண்டு. இவற்றின் மெமரி வெறும் 520 கேபி, அதுவும் ப்ராசஸர் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. தனி மெமரி சிப் இல்லாததால் இந்த விலை ஏற்றம் இவற்றை நேராகத் தொடவில்லை. கரன்ட் போய் வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் மறுபடி வேலையைத் தொடங்கும். கெட்டுப்போக மெமரி கார்டும் கிடையாது. தொட்டிக்கு லினக்ஸ் தேவையே இல்லை என்பது எனக்கு இதைத் தொட்ட பிறகுதான் புரிந்தது.

நிரல் எழுதத் தெரியாதவர்கள் ஈஎஸ்பி ஹோம் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பின்னில் எந்த சென்சார் என்று பத்துப் பதினைந்து வரியில் எழுதினால் போதும், ஹோம் அசிஸ்டன்ட் தானாகக் கண்டுகொள்ளும்.

தொட்டி அளக்க நினைப்பவர்களுக்காக நான் இடறிய இடங்கள். தண்ணீர் படாத அல்ட்ராசோனிக் சென்சார் (கடையில் ஜேஎஸ்என் என்று கேளுங்கள்) 5 வோல்ட்டில் ஓடும். திருப்பி அனுப்பும் எக்கோ சிக்னலும் 5 வோல்ட். ஈஎஸ்பி32, பிகோ, பை மூன்றின் பின்களும் 3.3 வோல்ட்டுக்கானவை. நேராகக் கொடுத்தால் பின் போகலாம், சில சமயம் போர்டே போகலாம். நடுவில் 1 கிலோ ஓம், 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டைப் போட்டு வோல்ட்டைக் குறையுங்கள். இரண்டாவது, அந்த சென்சாருக்கு முன்னால் 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பது அதற்குத் தெரியாது. தொட்டி நிரம்பும்போது தண்ணீர் அந்த எல்லைக்குள் வந்துவிட்டால் கண்டபடி எண் காட்டும். மூடியில் ஒரு பைப் துண்டு வைத்து சென்சாரை உயர்த்தி மாட்டுங்கள்.

மோட்டாரையும் ஓட்ட நினைத்தால், நீல நிறத்தில் வரும் 10 ஆம்பியர் ரிலேயை நேராக மோட்டாரில் கொடுக்காதீர்கள். மோட்டார் கிளம்பும் நொடியில் இழுக்கும் கரன்ட் பல மடங்கு. ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டு மோட்டார் நிற்காமல் ஓடும். ரிலே ஒரு கான்டாக்டரை (மோட்டார் கரன்ட்டைத் தாங்கும் பெரிய சுவிட்ச்) தட்டட்டும், கான்டாக்டர் மோட்டாரை ஓட்டட்டும். இந்த இணைப்பை எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். இதில் மிச்சம் பிடிக்கும் பணம் உயிரைவிடப் பெரிதில்லை.

6. சர்வர் வேலைக்குப் பழைய மினி பிசி

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். பணம் மிச்சமாவதும் இங்கேதான், ஏமாறுவதும் இங்கேதான்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் 8-ஆம் தலைமுறை ப்ராசஸர் முதல்தான் முறையான ஆதரவு. அதனால் 6, 7-ஆம் தலைமுறைக் கணினிகளை அலுவலகங்கள் கழித்துக்கட்டுகின்றன. லினக்ஸுக்கு அவை இன்னும் பல வருடம் தாங்கும். டெல் ஆப்டிபிளக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, லெனோவோ திங்க்சென்டர் டைனி இந்த மூன்று வரிசைகளைத் தேடுங்கள். ஒரு தடிமனான அகராதி அளவுதான் இருக்கும். விசிறியே வேண்டாம், சத்தமே கூடாது என்பவர்கள் டெல் வைஸ் 5070 பார்க்கலாம். அதில் போடும் எம்.2 எஸ்எஸ்டி சாட்டா வகையாக இருக்க வேண்டும், என்விஎம்ஈ வேலை செய்யாது.

ஜெல்லிஃபின் போட்டு வீட்டில் சினிமா ஓட்டுவது உங்கள் நோக்கம் என்றால் 7-ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். இப்போதைய 4கே படங்கள் பெரும்பாலும் 10 பிட் எச்ஈவிசி என்ற சுருக்கு முறையில் வருபவை. 7-ஆம் தலைமுறை முதல்தான் இன்டெல் கிராஃபிக்ஸ் அதை முழுதாகக் கையாளும். பை 5-இல் வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் வன்பொருளே கிடையாது.

சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய கணினி விற்கும் கடைகள் உண்டு. வார நாளில் முற்பகலில் போங்கள். கடையில் கூட்டம் குறைவு, கேட்டதற்கெல்லாம் நின்று பதில் சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். கையில் உபுன்டு அல்லது டெபியன் லைவ் (நிறுவாமலே ஓடும் லினக்ஸ்) போட்ட ஒரு பென் டிரைவ் எடுத்துப் போங்கள். "அண்ணே, இதுல இருந்து பூட் பண்ணிக் காட்டுங்க" என்று கேளுங்கள். பொருளில் நம்பிக்கை இருக்கிற கடைக்காரர் மறுக்க மாட்டார். மறுத்தால் அடுத்த கடை.

அங்கேயே பார்க்க வேண்டியவை:

அடாப்டர். அதே நிறுவனத்தின் அசல் அடாப்டர்தானா என்று பாருங்கள். டெல் மினி பிசி தன் அடாப்டரை அடையாளம் காணாவிட்டால் எழும்போதே எச்சரிக்கும், ப்ராசஸரின் வேகத்தையும் குறைத்துவிடும். ஒரு நிறுவனத்தின் அடாப்டர் இன்னொன்றுக்கு ஆகும் என்று நம்பாதீர்கள். அடாப்டர் இல்லாமல் விலை குறைத்துத் தருகிறேன் என்றால் அடாப்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

பயாஸ் (கணினி எழும்போதே திறக்கும் அமைப்புத் திரை) பாஸ்வேர்டு. எஃப்2 (டெல்), எஃப்10 (எச்பி) அல்லது எஃப்1 (லெனோவோ) தட்டி உள்ளே போக முடிகிறதா என்று பாருங்கள். அலுவலகத்தில் போட்ட பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் பூட் வரிசையைக்கூட மாற்ற முடியாது. "வீட்டுக்குப் போய் எடுத்துக்கலாம் சார்" என்பதை நம்பாதீர்கள்.

மெமரி உள்ளே இருக்கிறதா. இன்று எல்லாவற்றையும்விட முக்கியம் இது. டிடிஆர்4 மெமரியும் விலை ஏறிவிட்டதால் சிலர் மெமரியைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, வெறும் பெட்டியை மலிவாகத் தருகிறார்கள். அதை வாங்கிவிட்டு மெமரி தேடினால் மொத்தச் செலவு பையைத் தாண்டிவிடும். 8 ஜிபி போட்டு ஓடிக்கொண்டிருப்பதையே வாங்குங்கள். பென் டிரைவில் பூட் செய்ததும் சிஸ்டம் விவரத்தில் ப்ராசஸர் பெயரும் மெமரி அளவும் கடைக்காரர் சொன்னதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள்.

டிஸ்க்கின் ஆயுள். எஸ்எஸ்டியின் ஸ்மார்ட் விவரத்தில் (டிஸ்க் தன்னைப் பற்றி வைத்திருக்கும் பதிவு) எத்தனை மணி நேரம் ஓடியது, எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். தேய்ந்ததாக இருந்தால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். டிஸ்க் மாட்டும் தட்டும் திருகும் உள்ளே இருக்கின்றனவா என்பதையும் மூடியைத் திறந்து பாருங்கள். அந்தச் சின்னத் தட்டைத் தனியாகத் தேடி நான் இரண்டு நாள் அலைந்தேன்.

வைஃபை கார்டு. பல அலுவலகக் கணினிகளில் இருக்காது. ரவுட்டர் பக்கத்தில் வைத்துக் கேபிளில் இணைப்பதாக இருந்தால் கவலையில்லை.

பில்லில் சீரியல் எண்ணை எழுதி வாங்குங்கள். டெல் என்றால் சர்வீஸ் டேக். திருட்டுப் பொருள் என்று நாளை ஒரு கேள்வி வந்தால் உங்கள் கையில் இருக்கும் ஒரே சான்று அந்தப் பில்தான். எத்தனை நாள் வாரன்டி என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வாய்ச்சொல் பில்லில் ஏறாவிட்டால் வாரன்டி இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். நான் 7-ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டியோடு 8,500 ரூபாய்க்கு ஒரு மாத வாரன்டியில் வாங்கினேன். அந்த ஒரு மாதத்தில் முதல் இரவே மெம்டெஸ்ட் போட்டு விடியும்வரை மெமரியைச் சோதித்தேன். நீங்களும் செய்யுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் மூன்று வேலை. பயாஸுக்குள் கடிகாரம் சரியாக நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் உள்ளே இருக்கும் சிஆர்2032 பேட்டரியை மாற்றுங்கள். கரன்ட் போய்த் திரும்பினால் தானாக எழும்படி மாற்றுங்கள். டெல்லில் இது "ஏசி ரெக்கவரி", எச்பியிலும் லெனோவோவிலும் "ஆஃப்டர் பவர் லாஸ்". ஹோம் அசிஸ்டன்ட் ஓஎஸ் நேராகப் போடுவதாக இருந்தால் செக்யூர் பூட்டை அணையுங்கள், இல்லாவிட்டால் எழாது.

7. கரன்ட் பில்லும் கரன்ட் கட்டும்

"மினி பிசி கரன்ட்டைத் தின்றுவிடுமே" என்று எல்லோரும் கேட்கிறார்கள். சும்மா இருக்கும்போது பை 5 ஏறக்குறைய 4 வாட், மினி பிசி 10 வாட் என்று வையுங்கள். தமிழ்நாட்டில் கணக்கெடுப்பு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை. அறுபது நாளில் பை 5.8 யூனிட், மினி பிசி 14.4 யூனிட். வித்தியாசம் ஒன்பது யூனிட்டுக்கும் குறைவு. யூனிட் 6 ரூபாய் என்றால் 52 ரூபாய். ஆனால் உங்கள் வீடு ஏற்கெனவே 490 யூனிட் ஓடுகிற வீடாக இருந்தால் கவனம்; 500-ஐத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறி பில் குதிக்கும்.

இன்வெர்ட்டர் இருப்பவர்கள் அதன் பின்பக்கத்தில் யுபிஎஸ் என்றொரு சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் இன்வெர்ட்டர் மாறும் அந்தச் சிறு இடைவெளியில் கணினி அணைந்து எழும். யுபிஎஸ் நிலையில் மாற்றம் வேகமாக நடக்கும். ரவுட்டருக்கு என்று விற்கும் 12 வோல்ட் குட்டி யுபிஎஸ் 19 வோல்ட் கேட்கும் மினி பிசிக்கு ஆகாது.

8. ஆரஞ்சு பை, ராடக்ஸா போன்றவை

இவை ராஸ்பெர்ரி பை போலவே வேறு நிறுவனங்கள் விற்கும் போர்டுகள். எண்களைப் பார்த்தால் ஆசையாக இருக்கும். அதே மெமரிச் சந்தையில்தான் இவர்களும் வாங்குகிறார்கள், ஆகவே இந்த ஏற்றத்திலிருந்து இவையும் தப்பவில்லை. வாங்கும் முன் ஆர்ம்பியன் (இத்தகைய போர்டுகளுக்கு லினக்ஸ் தயாரித்துத் தரும் திட்டம்) தரும் போர்டுப் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா, முழு ஆதரவு என்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தயாரிப்பாளர் தந்த பழைய லினக்ஸ் இமேஜோடு நீங்கள் தனியே மாட்டிக்கொள்வீர்கள். பெயரில் "பை" இருந்தாலும் ராஸ்பெர்ரி பையின் கேமராவும் மேலே மாட்டும் ஹேட் போர்டும் அப்படியே வேலை செய்யும் என்று எண்ண வேண்டாம். லினக்ஸில் பழக்கம் உள்ளவர்களுக்கு நல்ல பொருள்கள். முதல் போர்டாக வாங்க நான் சொல்ல மாட்டேன்.

9. இப்போதே வாங்குவதா, காத்திருப்பதா

மெமரி விலை இறங்கியதும் இந்த ஏற்றத்தைத் திரும்பப் பெறுவதாக ராஸ்பெர்ரி பை நிறுவனம் சொல்லியிருக்கிறது. எப்போது என்று தேதி சொல்லவில்லை. எனவே 8, 16 ஜிபி வேண்டியவர்கள் அவசரம் இல்லையென்றால் காத்திருங்கள். 1 ஜிபியோ, ஜீரோவோ, பிகோவோ, ஈஎஸ்பி32-வோ போதும் என்றால் காத்திருப்பதில் லாபம் ஒன்றும் இல்லை. மேலே நான் தந்தவை 2026 பிப்ரவரி ஏற்றத்துக்குப் பிந்தைய விலைகள். பணம் கட்டும் அன்று ஒரு முறை நிறுவனத்தின் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

புராஜெக்ட் கெடு நெருங்கும் மாணவர்கள் சீனியர்களிடம் கேளுங்கள். பழைய பை 3, பை 4 போர்டுகள் விடுதி அலமாரிகளில் எத்தனையோ தூங்கிக்கொண்டிருக்கின்றன. வாங்கும்போது நாற்பது பின்னும் வளையாமல் இருக்கின்றனவா என்று பார்த்து, எழுப்பி, நான்கு யுஎஸ்பி துளையிலும் ஒரு பென் டிரைவைச் செருகிச் சோதித்து, அதன் பிறகு பணத்தைக் கொடுங்கள்.